அடுத்த தெருவில் நின்ற வேன்

சபையார் எல்லாருக்கும் அபிராமபுரம் செல்வராணி எழுதுவது. ஸ்தோத்திரம்.

எனக்கு மைக்கில் பேச வராது என்று சொல்லமாட்டேன். நன்றாகவே வரும். வினையே அதில்தான். தொண்ணூற்று ஆறாம் வருஷம், ஏப்ரல் மாதக் கடைசி ஞாயிறு, நம் ஆலயத்தில் மைக்கைப் பிடித்து நான் ஒரு சாட்சி சொன்னேன். என் கணவர் சாமுவேலுக்குத் தாடையில் இருந்த புற்றுநோயை ஆண்டவர் முழுவதும் சுகமாக்கிவிட்டார் என்றேன். நீங்கள் கை தட்டினீர்கள். சிலர் அழுதீர்கள். அது உண்மை இல்லை. மூன்றே மாதத்தில் அவர் இறந்துபோனது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் ஒருவரும் என்னிடம் வந்து, "அன்னைக்கு அப்படிச் சொன்னீங்களே" என்று கேட்டதில்லை. நம் சபையில் அது ஒரு மரியாதை. அன்றைய ஆராதனையின் கேசட் மட்டும் இன்னும் வீடு வீடாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் இரண்டு வருஷம் கழித்து நம் மாதப் பத்திரிகையில் இதை எழுதுகிறேன்.

ஒரு ஜெபம் கேட்கப்பட்டது. அதில் சந்தேகம் இல்லை. ஆனால் நான் மைக்கில் சொன்ன ஜெபம் அல்ல, வேறொன்று.

எல்லாம் ஒரு பல்வலியில் ஆரம்பித்தது. அவர் ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டினார். இருபது வருஷமாக வாயில் புகையிலை அடக்கும் பழக்கம். மிஷின் சத்தத்தில் யாரோடும் பேச முடியாது, வாய் சும்மாதானே இருக்கிறது என்று தொடங்கியதாம். கடைவாய்ப் பல் வலிக்கிறது என்றார். பிடுங்கினார்கள். புண் ஆறவில்லை. சதை எடுத்துப் பார்த்தார்கள், ஆபரேஷன் செய்தார்கள், கரண்ட் என்று சொல்கிற கதிர்வீச்சும் வைத்தார்கள். ஒரு வருஷம் நன்றாக இருந்தார். தொண்ணூற்று ஆறு பிப்ரவரியில் கட்டி திரும்ப வந்தது. ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் ஃபைலை மூடினார்.

"இனிமே இங்க செய்யறதுக்கு ஒண்ணும் இல்லம்மா. வீட்டுல வெச்சு நல்லா பாத்துக்குங்க" என்றார்.

நான் அழவில்லை. என் கணவர் பட்டறையில் சொல்லிவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். நான் பஸ் ஏறி தி.நகரில் இறங்கி ஒரு கேஸ் லைட்டர் வாங்கினேன். வீட்டில் இருந்தது பத்துத் தடவை அழுத்தினால்தான் பற்றும். கடைக்காரர் லைட்டரைத் தட்டிப் பொறி வருகிறதா என்று காட்டினார். இன்னொரு தடவை தட்டச் சொன்னேன். அந்த நாளில் எனக்கு ஞாபகம் இருப்பது அந்தப் பொறி மட்டும்தான். பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போட்டால் கன்னம் மரத்துப்போகுமே, அதுபோல உள்ளே எல்லாம் மரத்துப்போயிருந்தது. வீட்டுக்கு வந்து சாம்பார் வைத்தேன். உப்பு சரியாக இருந்தது.

எங்களுக்குப் பிள்ளை கிடையாது. அதற்கும் பல வருஷம் ஜெபித்தோம், அது வேறு கதை. இவரையாவது விட்டுவைக்க வேண்டும் என்று ஆண்டவரிடம் கண்டிப்பாகவே பேசினேன். வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம். நம் சபை கிரேஸ் அக்கா என் கூடவே பட்டினி கிடந்தார்கள். ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை கட்டியின் வீக்கம் சட்டென்று வடிந்தது. மறுநாள் அரை இட்லியைப் பாலில் கரைத்துச் சாப்பிட்டார். உள்ளே சீழ் கோத்து, உடைந்து, அதனால் வடிந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். கேட்டோம், கிடைத்தது.

நம் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. கைக்கு வருவதற்கு முன்பே வந்துவிட்டது என்று எழுந்து நின்று சொல்லிவிட வேண்டும். அப்படிச் சொல்கிறவருக்கு விசுவாசம் பெரிது. பின்வாங்கினால் வந்ததும் போய்விடும். இப்படித்தான் நான் கற்றுக்கொண்டேன், பிறருக்கும் கற்றுக்கொடுத்தேன். அதனால் ஞாயிற்றுக்கிழமை எழுந்தேன். நான் பேசும்போது அவர் கடைசி வரிசையில், கழுத்தைச் சுற்றித் துண்டு போட்டுக்கொண்டு தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். துதிக்கிறார் என்று நினைத்தேன்.

போதகர் ஐயா அங்கேயே அறிவித்தார். மே மாதக் கடைசி சனிக்கிழமை, மாலை நாலு மணிக்கு எங்கள் வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம். "சாமுவேல் பிரதர் தன் வாயாலயே சாட்சி சொல்லுவாரு" என்றார். எல்லாரும் மறுபடி கை தட்டினீர்கள்.

அந்த வியாழக்கிழமையே வீக்கம் திரும்பிவிட்டது. நான் யாரிடமும் சொல்லவில்லை. என் ஆபீஸில் லீவு போட்டுவிட்டு ஜன்னலுக்குத் திரை தைத்து மாட்டினேன்.

என்னிடம் சொல்லாமல் அவர் ஒரு காரியம் செய்திருந்தார். பட்டறை முதலாளியைக் கூட்டிக்கொண்டு அடையாறு பக்கம் ஓர் இடத்துக்குப் போய்ப் பெயர் கொடுத்திருந்தார். இனி குணமாகாது என்று அனுப்பப்பட்டவர்களை வீட்டுக்கே வந்து பார்த்துக்கொள்கிறவர்கள் அவர்கள். மே மாத ஆரம்பத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, எங்கள் வீட்டு வாசலில் ஒரு வெள்ளை வேன் வந்து நின்றது. அதன் பக்கவாட்டில் 'இறுதிக்கால நோயாளிகள் பராமரிப்பு' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. அந்தத் தெருவில் மட்டும் நம் சபையார் மூன்று குடும்பம்.

வேனிலிருந்து இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவர் நர்ஸ், பெயர் வசந்தா. முப்பது வயது இருக்கும், நெற்றியில் குங்குமம், கையில் ஒரு தகரப் பெட்டி. இன்னொருவர் அஞ்சலை. பட்டினப்பாக்கத்தில் மீன்பிடிக்கிற குடும்பம். நோயாளியைத் துடைத்து, குளிப்பாட்டி, துணி மாற்றுவது அவர் வேலை. அவர்கள் படி ஏறும் முன்பே நான் வாசலுக்கு ஓடினேன்.

"சிஸ்டர், தப்பா நெனச்சுக்காதீங்க. வேனை அடுத்த தெருவுல நிறுத்த முடியுமா?"

ஏன் என்று அவர் கேட்கவில்லை. "நிறுத்தலாங்கா. நெறைய வீட்டுல கேப்பாங்க. ஒரு வீட்டுல கேஸ் ஆபீஸ்லேர்ந்து வந்திருக்கோம்னுகூடச் சொல்லியிருக்கோம்" என்று சிரித்தார். அன்றிலிருந்து வேன் அடுத்த தெருவில் நின்றது. அந்த மே மாத வெயிலில் அவர்கள் இருவரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்து வருவார்கள். நான் திரையை விலக்கிப் பார்ப்பேன், தெருவில் யாராவது இருக்கிறார்களா என்று.

அவர்கள் என்ன செய்தார்கள் என்று சொல்கிறேன். நமக்கெல்லாம் இது தெரிய வேண்டும். செவ்வாயும் வெள்ளியும் வந்தார்கள். வசந்தா சிஸ்டர் தாடைப் புண்ணைக் கழுவிக் கட்டுவார். அந்தப் புண்ணுக்கு ஒரு நாற்றம் இருந்தது. வீடு முழுக்க ஊதுவத்தி ஏற்றியும் போகாது. சிஸ்டர் ஏதோ மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவினார், எனக்கும் அதைச் சொல்லிக்கொடுத்தார். நாலாம் நாள் நாற்றம் அடங்கிவிட்டது. அது ஒன்றும் அதிசயம் இல்லை, மாத்திரைப் பொடிதான். ஆனால் அன்றைக்கு என் கணவர் பல வாரம் கழித்து என்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்லிக் கை காட்டினார்.

அஞ்சலைக்கு ஒளிவுமறைவு கிடையாது. முதல் நாள் நான் சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டார்.

"இன்னாக்கா, மூக்கப் பொத்திக்கினு நிக்கிற? அவரு பாத்துக்கினே கீறாரு. கைய எறக்கு."

இறக்கினேன். என் வீட்டில் என்னை அப்படி யாரும் அதட்டியதில்லை.

அவர்களுடைய டாக்டரும் ஒருநாள் வந்தார். ஸ்டூலை இழுத்துக் கட்டிலோடு போட்டுக்கொண்டு, லேத்தில் என்னென்ன செய்வீர்கள் என்று அரை மணி நேரம் கேட்டார். என் கணவருக்கு அதற்குள் பேச்சு குறைந்துவிட்டது. பட்டறையிலிருந்து கொண்டுவந்த, வேலை விவரம் எழுதுகிற பழைய ஜாப் கார்டுகளின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டுவார். வலி எப்படி இருக்கிறது, எரிகிறதா, குத்துகிறதா என்று டாக்டர் கேட்டதற்கு, 'டிரில் போடுற மாதிரி' என்று எழுதினார். இரண்டு வருஷமாகப் பார்த்த எந்த டாக்டரும் இதைக் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமைகளில் மயிலாப்பூரிலிருந்து பத்மா மாமி வருவார். ரிடையரான டீச்சர். மருந்து கொடுக்கமாட்டார், புண்ணைத் தொடமாட்டார்.

"நான் ஒண்ணும் பண்ண வரலைம்மா. சும்மா ஒக்காந்துண்டு இருப்பேன். நீங்க வெளில கிளில போகணும்னா போயிட்டு வாங்கோ. எங்காத்துக்காரரையும் கடைசில இவாதான் பாத்துண்டா" என்றார்.

வெறுமனே உட்காருவதற்கு ஓர் ஆளா என்று நினைத்தேன். எனக்கு இவர்களில் யாரையும் பிடிக்கவில்லை. இவர்கள் யாருமே குணமாக்க வரவில்லை. குணமாகிவிட்டது என்று சொன்னவளுடைய வீட்டில் அவர்களுக்கு என்ன வேலை?

டாக்டர் மார்ஃபின் மாத்திரை எழுதியிருந்தார். நாலு மணி நேரத்துக்கு ஒன்று, ஒரு நாளைக்கு ஆறு. சிஸ்டர் கடிகாரத்தைக் காட்டிச் சொல்லிக்கொடுத்தார்.

"வலி வந்தப்புறம் குடுக்காதீங்கக்கா. வர்றதுக்கு முன்னாடியே குடுத்துரணும். நேரம் தவறக் கூடாது. மொதல்ல ரெண்டு நாள் நல்லாத் தூங்குவாரு, பயப்படாதீங்க. எத்தன ராத்திரி தூங்காம இருந்தாரோ, அந்தத் தூக்கம் அது."

நான் மாத்திரையை வாங்கி அலமாரியில் தலையணை உறைகளுக்கு அடியில் வைத்தேன். கொடுக்கவில்லை. அவர் முனகினால் ஒன்று கொடுப்பேன், ஒரு நாளைக்கு ஒன்று. நான் கெட்டவள் இல்லை, விசுவாசி. அந்த மாத்திரை சாகப்போகிறவர்களுக்குக் கொடுப்பது என்று கேள்விப்பட்டிருந்தேன். அதைக் கொடுத்தால் நானே என் சாட்சியை அடித்துப்போட்ட மாதிரி. தவிர, கூட்டம் வருகிறது. முப்பது பேர் வருவார்கள். அவர் வெள்ளைச் சட்டை போட்டு நாற்காலியில் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். தூங்கி வழிந்தால் என்ன சொல்வது? அவரும் மாத்திரை கேட்கவில்லை. முனகுவதுகூடக் குறைந்துவிட்டது. ஜெபம் வேலை செய்கிறது என்று எண்ணினேன். முழங்காலில் நின்று தினமும் நன்றி சொன்னேன். ஒன்றும் உறைக்கவில்லை, ஆனால் நன்றி சொன்னேன்.

கூட்டத்துக்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை. மத்தியானம் வசந்தா சிஸ்டர், அஞ்சலை, மாமி மூன்று பேரும் வந்தார்கள். இதுவரை என் வாய்க்கணக்கை நம்பியிருந்த சிஸ்டர் அன்றைக்கு மாத்திரையை எடுத்துவரச் சொன்னார். எண்ணினார். திரும்ப எண்ணினார்.

"செவ்வாக்கெழம புதுசாக் குடுத்ததுல பதினெட்டு போயிருக்கணுங்கா. மூணுதான் போயிருக்கு."

அவர் சத்தம் போடவில்லை. அஞ்சலை அதற்குள் என் கையைப் பிடித்துக் கட்டிலுக்கு அந்தப் பக்கம், சுவர் ஓரமாக இழுத்துப்போனார்.

"இங்க வந்து பாருக்கா. கட்டிலு பூரா பச்ச பெயின்ட்டு கீது. இந்த ஒரு கம்பில மட்டும் கீதா பாரு."

இரும்புக் கட்டில். சுவர்ப்பக்கத்துக் கம்பியில் ஒரு சாண் நீளத்துக்குப் பெயின்ட் தேய்ந்து, இரும்பு பளபளவென்று தெரிந்தது. அவர் பிடித்துப் பிடித்துத் தேய்த்தது. நான் அந்தப் பக்கம் போர்வையைச் செருகுவேன், ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை.

மாமி தன் கைப்பையிலிருந்து ஒரு ஜாப் கார்டை எடுத்தார். "போன வாரம் நான்தான் கேட்டேன், இப்படி வலியப் பொறுத்துண்டு இருக்கேளே, மாத்திரையக் கேக்கப்படாதோன்னு. இத எழுதினார். உங்ககிட்டக் காட்டப்படாதுன்னு சைகை பண்ணினார். ஒரு வாரமா வெச்சுண்டிருக்கேன், எனக்கு மனசு கேக்கலை" என்றார்.

அவருடைய கோணல் எழுத்து. நான் இன்றைக்கும் வைத்திருக்கிறேன். அதில் இருந்தது இதுதான்: 'கேக்க மாட்டேன். எனக்கு சுகமாயிடுச்சுன்னு ராணி சபையில சொல்லிட்டா. நான் கத்தினா அவ பொய்க்காரி ஆயிடுவா. சனிக்கிழமை வரைக்கும் தாங்கிக்கிறேன்.'

இரண்டு தடவை படித்தேன். அவர் கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்கவில்லை, எங்கள் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று மூடியிருந்தார். அப்போதும் எனக்கு அழுகை வரவில்லை. சமையலறைக்குப் போனேன். ஜெபம் செய்ய வேண்டும் என்றுதான் போனேன், ஆனால் எனக்குத் தெரிந்த பெரிய பெரிய வார்த்தை ஒன்றும் வரவில்லை. அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு, "ஆண்டவரே, அவருக்கு வலிக்கக் கூடாது" என்று மட்டும் சொன்னேன். சுகம் கேட்கவில்லை. என் சாட்சியைக் காப்பாற்றும்படி கேட்கவில்லை. மூன்று மாதத்தில் நான் என்னை மறந்து செய்த ஜெபம் அது ஒன்றுதான்.

திரும்பி வந்தபோது வசந்தா சிஸ்டர் மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து, ஸ்பூனில் அவருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். மணி இரண்டு.

இரண்டே முக்காலுக்கு அவர் கை கம்பியை விட்டது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. வாய் கொஞ்சம் திறந்து, பட்டறையிலிருந்து வந்து படுக்கிற நாளில் குறட்டை விடுவாரே, அதே மாதிரி லேசாகக் குறட்டை. சாயந்திரம் ஆறு மணி வரை தூங்கினார். ஒரு ஜெபம் ஒரு மணி நேரத்துக்குள் கேட்கப்பட்டதை நான் கண்ணால் பார்த்தேன். மைக்கில் சொல்கிற மாதிரி இல்லை. ஒரு நர்ஸின் கையில் இருந்த ஸ்பூனில் வந்தது. அந்த நர்ஸ் நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர்கூட இல்லை. ஆண்டவருக்கு அது பெரிதாகத் தெரியவில்லை போலிருக்கிறது.

ஆறு மணி மாத்திரையைக் கொடுத்துவிட்டு, தெருமுனை பூத்துக்குப் போய் அடையாறுக்கு போன் செய்தேன்.

"சிஸ்டர், நாளைக்கு வர முடியுமா?"

"மாத்திர ஆரம்பிச்சிருக்கமே, நானே வரணும்னுதாங்கா இருந்தேன். எத்தன மணிக்கு?"

"நாலு மணிக்கு. வேனை வாசல்லயே நிறுத்துங்க."

"சரிக்கா" என்றார்.

சனிக்கிழமை கிரேஸ் அக்கா காலையிலேயே வந்து கேசரி கிளற ஆரம்பித்தார்கள். நான் அவர்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு வெள்ளைச் சட்டை போட்டுவிட்டேன். பத்து மணி மாத்திரை போனது. இரண்டு மணி மாத்திரையைக் கரைத்துக்கொண்டு போனபோது அவர் தலையை ஆட்டினார். கார்டை எடுத்து எழுதினார்: 'கூட்டம் முடிஞ்சு.'

"வேண்டாங்க. இப்பவே" என்றேன்.

கடிகாரத்தைக் காட்டினார். தன்னைக் காட்டித் தூங்குவதுபோல் தலையைச் சாய்த்தார். எல்லாரும் வருவார்களே என்று கையை விரித்தார்.

"தெரியும். வரட்டும். வாயத் தொறங்க."

அவர் என்னையே பார்த்தார். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அப்படிப் பார்த்ததில்லை. பிறகு வாயைத் திறந்தார், திறக்க முடிந்த மட்டும்.

நாலு மணிக்கு நீங்கள் வர ஆரம்பித்தீர்கள். வந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். வாசலில் வேன் நின்றது. ஒவ்வொருவரும் அந்த எழுத்தைப் படித்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வந்து கட்டிலைப் பார்த்தீர்கள். வெள்ளைச் சட்டையோடு அவர் நல்ல தூக்கத்தில் இருந்தார். தலைமாட்டில் வசந்தா சிஸ்டர், கால்மாட்டில் அஞ்சலை. ஒரு பாட்டுப் பாடினோம். அவர் எழுந்திருக்கவில்லை. போதகர் ஐயா வழக்கம்போல் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

நான் எழுந்து நின்று சொன்னேன். "அவருக்குச் சுகமாகலை. நான் அவசரப்பட்டுச் சொல்லிட்டேன். அது பொய்யாகக் கூடாதுன்னு வலி மாத்திரையைக் கொடுக்காம ஒளிச்சு வெச்சேன். நான் சொன்னது பொய்யாகக் கூடாதுன்னு அவர் கத்தாமப் படுத்திருந்தார். நேத்துத்தான் கொடுத்தேன். இப்பத் தூங்குறார். இதுதான் சாட்சி."

ஆபீஸில் கடிதத்தை வாசித்துக் காட்டுவதுபோல் சொல்லி முடித்து உட்கார்ந்தேன். நாலைந்து பேர் எழுந்து போய்விட்டார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர்களும் என்னிடம் கற்றுக்கொண்டவர்கள்தான். போதகர் ஐயா ஜெபிக்க ஆரம்பித்தார். சுகத்துக்காகத்தான் ஜெபித்தார், தெரு முனைவரை கேட்கிற மாதிரி. அவ்வளவு சத்தத்திலும் இவர் அசையவில்லை. நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். அஞ்சலை சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

எல்லாரும் போன பிறகு ஆறு மணிக்கு அவர் விழித்தார். கேசரி வாசனைக்குத்தான் விழித்தார் போல. ஒரு ஸ்பூனில் நெய்யாகப் பார்த்து எடுத்து நாக்கில் தடவினேன். கார்டைக் கேட்டு வாங்கி, 'என்ன சொன்ன?' என்று எழுதினார்.

"உண்மையச் சொல்லிட்டேங்க."

ரொம்ப நேரம் எடுத்து, ஒரே ஒரு வார்த்தை எழுதினார்: 'அப்பாடா.'

அதற்குப் பிறகு ஏழு வாரம் இருந்தார். வேன் வாசலிலேயே நின்றது. மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை. முதல் இரண்டு நாள்தான் அப்படித் தூங்கினார், பிறகு தெளிந்துவிட்டார். மாமியோடு கிரிக்கெட்டைப் பற்றிக் கார்டில் சண்டை போட்டார். கிரேஸ் அக்கா மறுநாளே வந்து, "புண்ணு கட்றது எப்படின்னு எனக்கும் சொல்லிக்குடுங்கம்மா" என்று வசந்தா சிஸ்டரிடம் கேட்டார்கள். போதகர் ஐயாவும் வாரம் ஒருமுறை வந்தார். ஒருநாள் ஜெபிக்காமல், மாமியைப் போலச் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போனார். அவர் இதைப் படித்தால் சிரிப்பார்.

ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அஞ்சலை என் கணவரின் பாதத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது மூச்சு நின்றது. கை மெத்தைமேல் விரிந்தபடி கிடந்தது, கம்பியில் இல்லை. அஞ்சலைதான் அழுதார். எனக்கு வரவில்லை. அடக்கத்தன்று வரவில்லை, நினைவுக் கூட்டத்திலும் வரவில்லை. இன்றுவரை முழுசாக வந்ததில்லை. அதற்காகவும் ஒரு காலத்தில் வருத்தப்பட்டேன். "வர்றப்ப வரட்டுங்கா, அதுக்கு நேரம் காலமெல்லாம் கெடையாது" என்று வசந்தா சிஸ்டர் சொல்லிவிட்டார்.

இப்போது சனிக்கிழமைகளில் நானும் அந்த வேனில் போகிறேன். எனக்குப் புண் கட்டத் தெரியாது. மாமி மாதிரி உட்காருவேன். இன்னொரு வேலையும் உண்டு. மாத்திரை குறையாத வீடுகளில், அதை எங்கே ஒளித்து வைத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அரிசி டின், பூஜை அலமாரி, தலையணை உறை. எல்லா மதத்திலும் ஒளித்து வைக்கிறார்கள்.

போன மாதம் கோட்டூர்புரத்தில் ஒரு வீட்டுக்குப் போனோம். வேனை அடுத்த தெருவில் நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். அந்த வீட்டம்மாளுக்கு என் வயதுதான் இருக்கும். கணவருக்கு முதுகெலும்பில் நோய், பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். பக்கத்து மேஜையில் டேப் ரிக்கார்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பெண் சத்தமாகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தாள். கணீரென்ற குரல். கை தட்டல். அது நான்.

"இத தெனமும் போட்டுக் காட்டறேம்மா. இவங்க வீட்டுக்காரருக்கு ஒரு மாத்திரகூட இல்லாம சுகமாயிடுச்சாம்" என்றார் அந்த அம்மாள்.

நான் டேப்பை நிறுத்தினேன். அது என் குரல்தான் என்று சொன்னேன். பிறகு நடந்ததை எல்லாம் சொன்னேன், அந்த ஜாப் கார்டையும் காட்டினேன். அந்த அம்மாள் கார்டை வாங்கிப் படித்தார். பிறகு எழுந்துபோய் அரிசி டின்னுக்குள் கையை விட்டார்.

அந்த கேசட் உங்கள் வீட்டில் இருந்தால் தயவுசெய்து எனக்குத் திருப்பிக் கொடுங்கள். அதில் இருக்கிற சாட்சிக்குப் பதிலாக இதை வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டவர் ஜெபத்தைக் கேட்கிறார். நான் நம்புகிறேன், முன்னைவிட அதிகமாக நம்புகிறேன். அவர் அனுப்புகிறவர்கள் வாசலில் நிற்கும்போது, ஊர் பார்க்குமே என்று திரை போடாதீர்கள். அப்படியும் வெட்கமாக இருந்தால் பரவாயில்லை, எனக்கும் இருந்தது. வேனை எங்கே நிறுத்த வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். மீதித் தூரம் நாங்கள் நடந்து வருகிறோம்.